நல்ல பிள்ளை என்று சொன்ன குற்றம்

எங்கள் பதிவுச் சபையின் இளையவர்கள் எனக்கு மரியாதையாக ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். உளவளத்துணையாளர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் புதிய ஒழுக்கக் கோவை தயாரிக்கிறார்களாம். பழைய கோப்புகளைத் தூசி தட்டியபோது, என் காலத்தில் ஒரேயொருவரின் தொழில் அனுமதிதான் முற்றாக இரத்துச் செய்யப்பட்டிருப்பதைக் கண்டார்களாம். "மற்ற எல்லாரும் அவ்வளவு சுத்தமாவோ இருந்தவை, அக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அப்படி நம்பினால் உங்களுக்கு நல்ல நித்திரை வரும், பிள்ளைகளே. உண்மை என்னவென்றால், எழுத்தில் முறைப்பாடு வராமல் சபை அசையாது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் வாயால் சொல்லாத முறைப்பாடு கிடையாது. எழுதித் தாருங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினால், அடுத்த பேருந்து வந்துவிட்டது என்று எழும்பிவிடுவார்கள். அதனால்தான் நாங்கள் எல்லாரும் ஒழுக்கசீலர்கள் ஆனோம்.

நான் நாரந்தனைக்காரி. பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் வட்டமாகக் கதிரை போட்டு, ஒருவர் அழுவதுபோல நடிக்க மற்றவர் கேட்பதுபோல நடித்தோம். இரகசியம் பேணுவது பற்றிப் படிப்பிக்க வந்தவர் வெளிநாட்டில் படித்தவர். உங்களிடம் வந்து போகிறவரைக் கடைத்தெருவில் கண்டால் நீங்களாக வணக்கம் சொல்லாதீர்கள், அவர் தெரியாதவர்போலப் போக விரும்பலாம் என்றார். அவருக்கு எங்கள் தீவின் துறைமுகப் பட்டணமான ஊர்காவற்றுறையைத் தெரியாது. அங்கே நான் ஒருவரைக் கண்டும் கதைக்காமல் போனால், எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் காணிப் பிரச்சினை என்று பின்னேரத்துக்குள் முடிவாகிவிடும். இதற்கு என்ன செய்வது என்று எழும்பிக் கேட்டேன். இப்போது தேநீர் இடைவேளை என்றார். அந்த இடைவேளை இன்னும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு வைத்தியசாலைகளிலும் கிராமங்களிலும் உளவளத்துணையாளராக வேலை செய்து, தலை நரைத்த பிறகு சபையின் ஒழுக்காற்றுக் குழுவுக்குச் செயலாளர் ஆனேன். செயலாளருக்கு வாக்கு இல்லை. முறைப்பாட்டை வாங்குவது, அறிவித்தல் அனுப்புவது, விசாரணையில் சொல்வதை எழுதுவது, தேநீருக்கு ஆள் அனுப்புவது. இவைதான் என் அதிகாரங்கள்.

வந்த முறைப்பாடுகளின் தரத்தையும் சொல்ல வேண்டும். ஒரு தகப்பன் வந்து, தன் மகனுக்கு உளவளத்துணையாளர் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை, ஒரு மணித்தியாலமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார் என்று முறையிட்டார். அந்த மனிதர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று விளங்கப்படுத்தினோம். தகப்பன் எங்களையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார். இன்னொரு உளவளத்துணையாளர் முதல் சந்திப்பிலேயே சாதகத்தைக் கேட்டு வாங்கினார். விளக்கம் கேட்டதற்கு, அது தகவல் சேகரிப்பு என்று பதில் எழுதினார். அவருக்கு எச்சரிக்கை கொடுத்தோம். கொஞ்ச நாளில் எங்கள் குழுவிலேயே ஒருவர் தன் மகளின் சாதகத்தை அவரிடம் கொண்டுபோனார் என்று கேள்வி.

குழுவின் தலைவரை நாங்கள் சேர் என்போம். நெடிய மனிதர், வயதானவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். விசாரணைக்கு முன் கதிரைகளைத் தானே நகர்த்துவார். முறைப்பாடு தந்தவர் எப்போதும் கதவுக்குக் கிட்ட இருக்க வேண்டும், எழும்பிப் போக நினைத்தால் யாரையும் தாண்டிப் போகும்படி இருக்கக் கூடாது. இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி கதிரையைச் சற்றுச் சரித்து வைப்பார். சாட்சி பேசத் தொடங்கியதும் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், அதன் சத்தத்தில் அவருக்குக் காது கேட்காது. பங்குனி வெயிலில் மின்விசிறி இல்லாத அறையில் யாரும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. எங்கள் சபையின் விசாரணைகள் சுருக்கமாக முடிவதற்குப் பெரிய தத்துவக் காரணங்களைப் பிற்காலத்தில் சிலர் எழுதினார்கள். காரணம் வியர்வைதான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. யார் எதைச் சொன்னாலும், அதே வசனத்தைச் சொன்னவருக்கே மெதுவாகத் திருப்பிச் சொல்வார். குறுக்குக் கேள்வி கிடையாது, அதட்டல் கிடையாது. தான் சொன்னதை இன்னொருவர் வாயால் கேட்கும்போது மனிதர்கள் முழிக்கிற முழியை நான் எத்தனையோ தடவை குறிப்பெழுதும் சாட்டில் பார்த்து இரசித்திருக்கிறேன்.

இனி அந்த ஒரேயொருவருக்கு வருகிறேன். பெயர் குலேந்திரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முறையாகப் படித்துப் பதிவு பெற்ற உளவியலாளர். ஊர்காவற்றுறையில் பேருந்து நிற்கும் இடத்துக்குக் கிட்ட, விறாந்தை வைத்த ஒரு வீட்டில் சனிக்கிழமைகளில் ஆட்களைப் பார்ப்பார். மருத்துவர் இல்லை என்றாலும் ஊருக்கு அவர் டொக்டர். தொடக்கத்தில் திருத்திப் பார்த்தார், பிறகு களைத்துவிட்டார், அதற்குப் பிறகு பிடித்துப்போய்விட்டது. கோயில் பரிபாலன சபையில் இருந்தார், பள்ளிக்கூடப் பரிசளிப்புகளில் மாலை போட்டுக்கொண்டு இருந்தார். கெட்ட மனிதர் அல்ல. அவரிடம் இருந்த ஒரே குறை, யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க ஏலாது. எனக்கு அவர் பெரியம்மா வழியில் அண்ணை முறை. இதைச் சேரிடம் எழுத்தில் கொடுத்து, விலகிக்கொள்கிறேன் என்றேன். "தீவிலை முறை இல்லாத ஆளாப் பாத்துத்தான் செயலாளர் வைக்கோணும் எண்டால், கொழும்பிலை இருந்துதான் எடுக்கோணும். உமக்கு வாக்கு இல்லைத்தானே, எழுதும்" என்றார் சேர்.

முறைப்பாடு தந்தவரை மேகலா என்பேன். அந்தப் பெயரை அவரே தெரிந்தெடுத்தார். இந்தக் கட்டுரையை வாசித்து, வெட்ட வேண்டியதை வெட்டித்தான் திருப்பித் தந்திருக்கிறார். புளியங்கூடல் பக்கத்தவர். தென்னிலங்கைப் பட்டணம் ஒன்றில் கடை வைத்திருந்த குடும்பம், இப்போது பாதிப்பேர் கனடாவில். மேகலா எழுவைதீவுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அங்கே போக வள்ளத்தைத் தவிர வழியில்லை, தினமும் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் ஏற வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் ஒரு காலத்தில் வள்ளத்தின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டது. இழுத்து வந்து கரை சேர்த்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இறங்குதுறையைக் கண்டாலே மேகலாவுக்கு நெஞ்சு இடிக்கும், கை விறைக்கும், மூச்சு எடுபடாது. லீவு போட்டுப் பார்த்தார், நேர்த்தி வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு சனிக்கிழமை குலேந்திரனிடம் போனார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், குலேந்திரன் நல்லாகத்தான் வேலை செய்தார். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, மூச்சைப் பழக்கி, சில மாதங்களில் மேகலாவைத் திரும்ப வள்ளத்தில் ஏற்றிவிட்டார். அதோடு வாயை மூடியிருந்தால், இன்றைக்கு இளையவர்களின் கோவையில் நல்ல உதாரணமாக அவர் படம் இருந்திருக்கும்.

அதற்குள் மேகலாவுக்கு ஒரு கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை கனடா. சாதகம் பொருந்தி, காணொளியில் இரண்டு பக்கமும் சிரித்துப் பார்த்து, மிச்சம் இருந்தது விசாரிப்புத்தான். எங்கள் பக்கத்து விசாரிப்பைப் பற்றி வெளியூரார் அறிய வேண்டும். பெண் வீட்டில் எதுவும் கேட்க மாட்டார்கள். தபால்காரர், கடைக்காரர், ஐயர், பள்ளிக்கூட அதிபர் என்று ஒவ்வொருவரிடமும் போய், பிள்ளை எப்படி என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் சொல்லியே ஆக வேண்டும், அது ஊர்க் கடமை. தெரியாது என்று சொன்னால் பிள்ளையைத் தெரியாது என்று அர்த்தமில்லை. ஏதோ இருக்கிறது, சொல்ல விரும்பவில்லை என்று அர்த்தம். எத்தனையோ கலியாணங்கள் அந்தத் 'தெரியாது' ஒன்றிலேயே நின்றிருக்கின்றன.

மாப்பிள்ளையின் பெரியதாய் விசாரிப்புக்கு வந்தார். கோயில் வீதியில் குலேந்திரனைக் கண்டு, டொக்டர், இன்னாரின் மகள் எப்படி என்று கேட்டார். குலேந்திரனுக்கு உச்சி குளிர்ந்திருக்கும். "தங்கமான பிள்ளை. என்னட்டைத்தான் வந்தவ, இப்ப முழுச் சுகம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் பொறுப்பு" என்றார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அதற்குப் பிறகு யோசிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. நன்றாகப் பொருந்தியிருந்த சாதகம் ஒரே கிழமையில் பொருந்தாமல் போய்விட்டது. செவ்வாய் எங்கிருந்தோ வந்து இருந்துகொண்டது. எங்கள் ஊரில் கிரகங்கள் மிகவும் மரியாதை தெரிந்தவை, மனிதர் சொல்லக் கூசுவதைத் தாங்கள் ஏற்றுக்கொள்ளும்.

கலியாணம் நின்றதோடு முடிந்திருந்தால் மேகலா எழுதித் தந்திருக்க மாட்டார். முகம் பார்த்த மாப்பிள்ளைதானே, பழகிய மாப்பிள்ளை இல்லையே என்று என்னிடம் சொன்னார். ஆனால் அந்த 'முழுச் சுகம்' கனடாவுக்குப் போய், அங்கிருந்து திரும்பித் தொலைபேசியில் புளியங்கூடலுக்கு வந்து, வள்ளம் ஏறி எழுவைதீவு வரை போய்விட்டது. ரீச்சருக்குத் தலையில் ஏதோ வருத்தமாம், டொக்டர்தான் மாற்றினவராம், திரும்ப வந்தால் என்ன செய்கிறது என்று தாய்மார் அதிபரிடம் போனார்கள். பிள்ளைகளின் நன்மையை முன்னிட்டு ரீச்சரை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றும்படி மனுக் கொடுத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக வேண்டிவரும் என்று தெரிந்த கிழமை, மேகலாவுக்கு இறங்குதுறையில் திரும்பவும் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கடலைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்கள்.

அவர் என் வீட்டுக்கு வந்தபோது நான் வழமைபோல வெள்ளைத் தாளை நீட்டினேன். பேருந்து வந்துவிட்டது என்று எழும்புவார் என்று எதிர்பார்த்தேன். பேனையை வாங்கி அங்கேயே இருந்து எழுதி முடித்தார்.

நடைமுறையை உங்களுக்காக எழுதுகிறேன், புதிய கோவையிலும் இது இருந்தால் நல்லது. முறைப்பாட்டை வாங்கியதும் முதலில் அது எங்கள் விடயமா என்று பார்ப்போம். பிறகு பிரதி ஒன்று எதிர்த்தரப்புக்குப் போகும், பதில் எழுத அவகாசம் கொடுப்போம். பதில் திருப்தி என்றால் அங்கேயே மூடுவோம், இல்லையென்றால் நேர்முக விசாரணை. குற்றம் நிரூபணமானால் எச்சரிக்கை, இடைநிறுத்தம், இரத்து என்று மூன்று வழிகள். இதில் எங்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இரண்டாம் படியில்தான் வரும், யாரும் எதையும் ஒப்புக்கொண்டு எழுதுவதில்லை.

குலேந்திரன் எழுதினார். ஓம், சொன்னேன் என்று எழுதினார். ஒரு ஏழைப் பிள்ளையின் வாழ்வு மலர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சிறந்த நற்சான்று அளித்தேன், இதற்காகச் சபை தன்னைப் பாராட்டுமேயன்றி வேறு எதையும் செய்யாது என்று நம்புகிறேன் என்று முடித்திருந்தார். சேர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, விசாரணைக்கு நாள் குறியும் என்றார்.

செய்தி வெளியில் போனதும் ஊர் கிளம்பியது. முறைப்பாடு தந்தது யார் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, யாரும் என்னைக் கேட்கவுமில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோயிலில் என் அர்ச்சனைத் தட்டை வாங்காமல் ஐயர் வேறு பக்கம் பார்த்தார். அண்ணை முறையான மனுசனின் வயிற்றில் அடிக்கிறாள் என்று சந்தையில் மீன் வாங்கும்போது என் காதுபடச் சொன்னார்கள். மேகலாவுக்கு அதைவிட மோசம். நன்றி கெட்டவள் என்றார்கள், இதுவே வருத்தம் மாறாததற்கு அத்தாட்சி என்றார்கள். நல்லது சொன்ன மனுசனைக் கூண்டில் ஏற்றுகிற உலகம் இது என்று கோயில் ஒலிபெருக்கியில் சொல்லாததுதான் குறை.

விசாரணை நாளில் குலேந்திரன் பட்டு வேட்டியோடு வந்தார். கூடவே மூன்று சாட்சிகள், மூவரும் ஊரில் பெரிய மனிதர்கள். சேர் கதிரைகளை நகர்த்தினார், மேகலாவைக் கதவடியில் இருத்தினார், மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். எதிர்த்தரப்புச் சாட்சிகளைத் தானே முதலில் கேட்பதாகச் சொன்னபோது, குலேந்திரன் என்னைப் பார்த்து, பார்த்தாயா தங்கச்சி என்பதுபோலத் தலையசைத்தார்.

முதலில் கோயில் பரிபாலன சபைத் தலைவர். டொக்டரைப்போல அக்கறையான மனுசன் தீவில் கிடையாது என்று தொடங்கினார். "எங்கடை ஆக்கள் ஆரைப் பற்றிக் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லுவார்" என்றார்.

"ஆரைப் பற்றிக் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லுவார்" என்று சேர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

"ஓம், ஆரைப் பற்றிக் கேட்டாலும்" என்று தலைவர் இன்னும் அழுத்திச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது மாதர் சங்கத்து அம்மா. தன் மச்சாளின் மகன் குடியை விட்டுவிட்டான் என்ற நல்ல செய்தியை, மச்சாளுக்கே தெரிய முந்தி டொக்டர் தனக்குச் சொன்னார் என்றும், அதனால்தான் அந்தப் பையனுக்கு நேரத்தோடு பெண் பார்க்க முடிந்தது என்றும் சொன்னார். சேர் அதையும் திருப்பிச் சொன்னார். அம்மா பெருமையாக ஆமோதித்தார். குலேந்திரனின் முகத்தில் முதல்தரம் வியர்வை தெரிந்தது. மின்விசிறி நின்றதால் என்று நினைத்திருப்பார்.

மூன்றாவது ஒரு கடைக்காரர். உரத்துப் பேசுகிறவர், நல்லவர், கள்ளமில்லாத மனிதர். நானும் டொக்டரிடம் போனவன்தான், மனுசி செத்த பிறகு உயிரோடு இருக்கிற எண்ணம் போயிருந்தது, டொக்டர்தான் மீட்டார், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை என்றார். அது நல்ல சாட்சியம், அறையில் எல்லாருக்கும் மனம் இளகியது. அதோடு இருந்திருக்கலாம். "இண்டைக்கும் டொக்டர் என்னைப் பற்றி எல்லாரிட்டையும் நல்லாத்தான் சொல்லுவார்" என்று சேர்த்தார்.

"உங்களைப் பற்றி எல்லாரிட்டையும் நல்லாத்தான் சொல்லுவார்" என்றார் சேர்.

கடைக்காரர் தலையாட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். தோளில் கிடந்த துவாயால் கழுத்தைத் துடைத்தார். பிறகு எங்களை விட்டுவிட்டுக் குலேந்திரன் பக்கம் திரும்பினார்.

"டொக்டர், எல்லாரிட்டையும் எண்டா… என்னத்தைச் சொன்னனியள்?"

குலேந்திரன் வாழ்க்கையில் முதல்தரம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தார். கடைக்காரர் எழும்பி, சாட்சி முடிந்ததா என்றுகூடக் கேட்காமல் வெளியே போய் முற்றத்தில் நின்றார். மேகலா அவருக்குத் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து திரும்ப இருந்தார். அந்த இடத்தில் என் குறிப்பில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

ஆனாலும் குலேந்திரன் சும்மா விடுகிற ஆள் இல்லை. அவர் கடைசியாகச் சொன்ன நியாயம் இலேசான நியாயம் அல்ல, அதனால்தான் இதை இவ்வளவு எழுதுகிறேன். "சேர், விசாரிக்க வந்தவையிட்டை நான் ஒண்டும் சொல்ல ஏலாது எண்டு சொல்லியிருந்தால், அவையள் என்ன நினைச்சிருப்பினம்? ஏதோ பெரிய வில்லங்கம் எண்டு நினைச்சிருப்பினம். சொன்னாலும் குற்றம், சொல்லாட்டிலும் இந்தப் பிள்ளைக்குத்தான் நட்டம். நான் வேறை என்ன செய்யிறது?"

குழுவில் ஒருவர் அதைக் கேட்டு ஆம் என்று தலையசைத்துவிட்டார். எங்கள் ஊரில் வாய் மூடுவதும் ஒரு பேச்சுத்தான், இதை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"நீங்கள் இஞ்சை வந்த முதல் நாளிலை இருந்து, ஆர் ஆரைப் பற்றிக் கேட்டாலும், என்னட்டை வாறவையைப் பற்றி நான் கதைக்கிறேல்லை எண்டு ஒரே பதிலைச் சொல்லியிருந்தால், அண்டைக்கு அந்த மனுசி என்ன நினைச்சிருப்பா?"

குலேந்திரன் யோசித்தார். பிறகு, "ஒண்டும் நினைச்சிருக்க மாட்டா" என்றார். நேர்மையான மனிதர், கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

அங்கே வழக்கு முடிந்துவிட்டது. கோயில் வீதியில் சொன்ன அந்த ஒரு வசனம் மட்டும் குற்றம் என்றால் எச்சரிக்கை போதும், மிஞ்சினால் இடைநிறுத்தம். ஆனால் ஊர் முழுவதையும் பற்றி ஊர் முழுவதற்கும் இத்தனை வருடமாக நற்சான்று கொடுத்து, தன் மௌனத்தைக்கூட யாரும் நம்ப முடியாதபடி ஆக்கிவைத்திருந்தார். அதை அவருக்காகப் பேச வந்தவர்களே ஒருவர்பின் ஒருவராக நிரூபித்துக் கொடுத்துவிட்டார்கள்.

சேர் கடைசியாக மேகலாவிடம், ஏதாவது சொல்ல விருப்பமா, சொல்லாமல் விட்டாலும் பாதகமில்லை என்றார்.

"டொக்டர்தான் என்னை வள்ளத்திலை ஏத்தினவர். அதை நான் மறக்கேல்லை" என்றார் மேகலா. "எனக்கு இப்ப திரும்பவும் அந்தப் பயம் வந்திட்டுது, சேர். அவரிட்டைப் போக ஏலாது. வேறை ஆரிட்டைப் போனாலும் இதுதானே நடக்கும். நான் ஆரிட்டைப் போறது? அதை மட்டும் சொல்லுங்கோ."

குலேந்திரன் வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்து என்று முடிவாயிற்று. ஒரு உறுப்பினர் மட்டும், நல்லதுதானே சொன்னவர் என்று கடைசி வரை நின்றார். அவர் மகளுக்கும் அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விதிப்படி முடிவைக் குலேந்திரன் தொழில் செய்த இடத்தில் ஒட்ட வேண்டும், முறைப்பாடு தந்தவரின் பெயர் வராது. சேர் மேகலாவைக் கூப்பிட்டு இதை விளங்கப்படுத்தினார். பெயரில்லாமல் ஒட்டினால், என்னோடு இன்னும் நாலு பெட்டையள் சேர்ந்து எழுதியதாக ஊர் சந்தேகிக்கும், அதுகள் பாவம், என் பெயரைப் போடுங்கள் என்றார் மேகலா. விதி இடந்தராது என்றார் சேர். மறுநாள் காலை இறங்குதுறையில் வள்ளத்துக்கு நின்றவர்களிடம், நான்தான் எழுதிக் கொடுத்தேன், இன்ன பயத்துக்குத்தான் டொக்டரிடம் போனேன், வேறு ஏதாவது அறிய வேண்டுமா என்று மேகலா தானே கேட்டுவிட்டார். ஒருவருக்கும் வேறு ஒன்றும் அறிய வேண்டியிருக்கவில்லை. குசுகுசுக்க ஒன்றும் மிஞ்சாத பிறகு, இடமாற்ற மனுவும் அதிபரின் மேசையில் அப்படியே கிடந்துவிட்டது. நெஞ்சு இடிப்பு மட்டும் நிற்கவில்லை. தினமும் கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் போய்வந்தார்.

அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெறுவதும் செயலாளரின் வேலை. குலேந்திரன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். கழற்றிப் பத்திரத்தை மட்டும் என்னிடம் தந்துவிட்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டார், இப்போது அதற்குள் பிள்ளையார் இருக்கிறார். என்னோடு அவருக்குக் கோபமில்லை. தான் செய்த பிழை என்னவென்று இன்றுவரை அவருக்கு விளங்கவுமில்லை. இப்போது கலியாணத் தரகு பார்க்கிறார், அதற்குப் பதிவு தேவையில்லை. மிக நன்றாகச் செய்கிறார் என்றும், எல்லாரைப் பற்றியும் நல்லதே சொல்கிறார் என்றும் கேள்விப்படுகிறேன்.

ஊர்காவற்றுறைச் சனிக்கிழமைகளை ஓய்வு பெறும்வரை என்னையே பார்க்கச் சொன்னார்கள். அதே வீடு, அதே விறாந்தை. வாய் மூடி வேலை செய்பவள் வந்திருக்கிறேன் என்று தமுக்கு அடிக்கவா முடியும்? ஒருவரும் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. ஏன் வரப் போகிறார்கள்? தங்களைப் பற்றி ஊருக்கு என்னென்ன போயிருக்கும் என்று ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். தீவில் ஒரு மனிதரின் அனுமதியைப் பறித்து, மிச்சச் சனத்துக்கு இருந்த ஒரே கதவையும் பூட்டிவிட்டோமே என்று எனக்கு எரிச்சலும் கவலையுமாக இருந்தது.

அதற்குப் பிந்திய சனிக்கிழமை மேகலா வந்தார். பேருந்து நிற்கிற நேரம் பார்த்து, குடையைச் சுருக்கிக்கொண்டு, முன்வாசலால் வந்தார். உள்ளே வாரும் என்று எழும்பினேன்.

"வாறன் மிஸ். முதல் கொஞ்ச நேரம் வெளியிலை இருக்கிறன்" என்றார். விறாந்தைக் கதிரையை இழுத்து, வீதியைப் பார்த்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "சனம் பாக்கட்டும்."

சனம் பார்த்தது. பேருந்துக்குள் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் பார்த்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பி வந்து, அதே வீதியால் இன்னொரு முறை போனார். மூன்றாம் முறை வந்தபோது சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, படியில் கால் வைக்காமல் நின்றார். யார் என்று கேட்காதீர்கள்.

"இஞ்சை வரிசை இருக்கோ?" என்றார் அவர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஓம் அண்ணை" என்று மேகலா பக்கத்துக் கதிரையைத் தள்ளி வைத்தார். "எனக்குப் பிறகு நீங்கள்."